யோகா செய்துமா ஆபரேஷன் என்று கேட்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கர்ப்பிணிகள் யோகா செய்தால் சுகப்பிரசவம் நிச்சயம் என்று வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் தினமும் ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. யோகாவும் செய்து, சிசேரியனில் பிள்ளையும் பெற்றவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாவது பிள்ளைக்கு ஏழாம் மாதம். ராத்திரி புரண்டு படுக்க முடியாது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டில் விளிம்பிலேயே உட்கார்ந்திருப்பேன், விடியற்காலையில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் வகுப்பில் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்த அக்கா முதல் நாள் ஆசனமே சொல்லித்தரவில்லை. தாய் சேய் நல அட்டையையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் வாங்கி, பிரஷர் எவ்வளவு, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, ரத்தப்போக்கு இருந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அப்புறம்தான் மார்ஜாரி ஆசனம்: முட்டிக்குக் கீழே மடித்த போர்வை, கையையும் முட்டியையும் ஊன்றி, பூனை மாதிரி முதுகை மெதுவாகத் தூக்கி இறக்க வேண்டும். சுவரில் சாய்ந்து பாதங்களைச் சேர்த்து உட்காரும் பட்டாம்பூச்சி. கடைசியில் இடது பக்கம் ஒருக்களித்து, கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, மூச்சைக் கவனித்தபடி பத்து நிமிடம் படுப்பது, அந்தப் பத்து நிமிடத்துக்காகவே போகலாம். மல்லாந்து படுக்க விடவே மாட்டார், கர்ப்பப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தலை சுற்றும் என்பார். மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி, மூச்சை அடக்குவது, வயிற்றை முறுக்குவது எதுவும் கிடையாது. இந்தச் சமயத்தில் மூட்டெல்லாம் தளர்ந்திருக்கும், வளைகிறதே என்று வளைத்துவிடாதே என்று தினமும் சொல்வார்.

இரண்டு வாரத்தில் தூக்கம் வந்தது. வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் தாங்க முடிந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

பிரசவத்தன்று குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்ததால் ஆபரேஷன். மூன்றாம் நாள் பார்க்க வந்த உறவுக்காரர், "அவ்வளவு யோகா செஞ்சியே, அப்புறமும் கத்தி வெச்சுட்டாங்களா?" என்றார். எந்த நாள் விட்டேன், எதைத் தப்பாகச் செய்தேன் என்று மாதக்கணக்கில் யோசித்தபடியே பால் கொடுத்தேன். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். அத்தனை பேரும் உடம்பை வளைக்காத சோம்பேறிகளா? நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதையும் துடிப்பு குறைவதையும் எந்த ஆசனம் மாற்றும்? தேவையில்லாத ஆபரேஷன்களும் நடக்கலாம்தான், ஆனால் அதற்கு அந்தப் பெண்ணா பதில் சொல்ல வேண்டும்?

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வந்து பெஞ்சில் காத்துக்கிடக்கிறார்கள். அந்த நேரத்தில் அரை மணி, அட்டையைப் பார்த்து இன்னாருக்கு இது வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஒருவரை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது, அங்கிருந்தே ஆள் அனுப்பலாம். மொபைலைப் பார்த்துத் தனியாகச் செய்யும் பெண்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றிக் கட்டுரை போடும்போது 'சுகப்பிரசவத்துக்கு யோகா' என்று தலைப்பு வைக்காதீர்கள். இடுப்பு வலிக்கு, தூக்கத்துக்கு என்று வையுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்,
கும்பகோணம்.