மேனேஜரை அனுப்பிவிட்டால் சரியாகிவிடுமா?

ஃபேர்ஃபேக்ஸ், வர்ஜீனியா
22 ஜூன் 2025

அன்புள்ள பாலு,

உன் மின்னஞ்சல் புதன் இரவு வந்தது. பேஸ்பாலில் உங்கள் கொலராடோ ராக்கீஸ் எங்கள் வாஷிங்டன் நேஷனல்ஸை மூன்றாவது நாளாக வரிசையாகத் தோற்கடித்த கையோடு எழுதியிருக்கிறாய். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மனது சரியில்லை, மூடி வைத்துவிட்டேன். இன்று ஞாயிறு, வீடு அமைதியாக இருக்கிறது, நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அக்கா திருச்சியிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. முழங்கால் வலி இருந்தாலும் காலையில் என்னோடு ஒரு மைல் நடக்கிறாள். குளிர்காலம் முழுக்க ஜன்னல் ஓரத்தில் குச்சியாக நின்ற கறிவேப்பிலைச் செடியை வெளியே வைத்தோம். பத்தே நாளில் துளிர்த்துவிட்டது, அக்காவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், மனது நிறைந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "நாங்கள் மே மாதமே அணியை நடத்தும் மேனேஜரை மாற்றிவிட்டோம். நீங்கள் உங்கள் மேனேஜர் டேவ் மார்ட்டினெஸை எப்போது அனுப்பப் போகிறீர்கள்?"

பாலு, இதே கேள்வியை ஆறு வருடத்துக்கு முன்னால் நானே கத்தியிருக்கிறேன். 2019 மே 23 உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. நியூயார்க்கில் மெட்ஸ் அணியிடம் நான்கு ஆட்டம், நான்கிலும் தோல்வி. கடைசி ஆட்டத்தில் மார்ட்டினெஸ் அம்பயரோடு சண்டை போட்டு, தொப்பியை எறிந்து, மண்ணைக் காலால் உதைத்து வெளியேற்றப்பட்டார். அன்று கணக்கு 19 வெற்றி, 31 தோல்வி. நான் சமையலறையில் நின்றுகொண்டு, "இந்த ஆளை இன்று ராத்திரியே அனுப்பணும்" என்றேன். என் மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. "அவரா பந்து போட்டார்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

அந்த வருடம் உண்மையில் எது உடைந்திருந்தது என்று கோபம் தணிந்த பிறகுதான் யோசித்தேன். ஏப்ரல் தொடக்கத்திலேயே எங்கள் ஆட்டக்காரர் ட்ரே டர்னருக்கு விரல் முறிந்தது. ரெண்டோன், சோட்டோ இரண்டு பேரும் கொஞ்ச நாள் காயத்தில் உட்கார்ந்தார்கள். புல்பென்னை, அதாவது ஆட்டத்தின் நடுவில் பந்து போட வரும் மாற்று ஆட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது வரை ஜெயித்துக்கொண்டிருப்போம், அப்புறம் யார் வந்து பந்து போட்டாலும் ஆட்டம் கையை விட்டுப் போய்விடும். இதில் எதுவும் மேனேஜர் கையில் இல்லை. மே தொடக்கத்தில் பந்து போடுகிறவர்களுக்கான பிட்சிங் கோச்சை மாற்றினார்கள், மேனேஜரைத் தொடவில்லை. அடிபட்டவர்கள் திரும்பி வந்தார்கள். "இன்றைய ஒரு ஆட்டத்தை ஜெயிப்போம், அவ்வளவுதான்" என்று மார்ட்டினெஸ் தினமும் சொல்லிக்கொண்டே இருந்தார். 93 வெற்றி. தோற்றால் வீடு என்ற வைல்ட் கார்டு ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் சோட்டோ அடித்த அடி, டாட்ஜர்ஸுக்கு எதிராகப் பத்தாவது இன்னிங்ஸில் கெண்ட்ரிக் ஒரே அடியில் நான்கு ரன் எடுத்த கிராண்ட் ஸ்லாம், கடைசியில் ஹூஸ்டனில் வேர்ல்ட் சீரிஸ் என்னும் இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம், கோப்பை எங்களுக்கு. அக்டோபர் 30 ராத்திரி கெண்ட்ரிக் அடித்த பந்து வலதுபக்க ஃபவுல் கம்பத்தில் பட்டு ஹோம் ரன் ஆனபோது என் மகன் சோபாவிலிருந்து குதித்ததில் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. அழவில்லை அவன். ரத்தத்தோடு ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

அன்று என் பேச்சைக் கேட்டிருந்தால் அந்த ராத்திரி வந்திருக்காது. அதனால்தான் உன் கேள்விக்குச் சட்டென்று ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் கதையையே எடுத்துக்கொள். நான் 2018 கோடையில் டென்வர் வந்தபோது, கூர்ஸ் ஃபீல்ட் மைதானத்தின் உச்சியில் அந்த ஊதா நிற இருக்கை வரிசையைக் காட்டி, "இதுதான் கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரம்" என்றாயே, அந்த வருடமும் அதற்கு முந்தின வருடமும் உங்களைக் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குக் கூட்டிப்போனவர் நீங்கள் மே மாதம் மாற்றிய இதே மேனேஜர் பட் பிளாக்தான். 2023-ல் 103 தோல்வி, 2024-ல் 101 தோல்வி வந்தபோது அவருக்கு விளையாடத் தெரிந்த ஆட்களைக் கொடுத்தார்களா? இல்லை. இந்த மே 10 அன்று சான் டியாகோவிடம் 21-0 என்று தோற்றீர்கள். மறுநாள் 9-3 என்று ஜெயித்தும்கூட அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். அப்போது 7 வெற்றி, 33 தோல்வி. ஜூன் முதல் தேதி ஆட்டம் முடிந்தபோது 9 வெற்றி, 50 தோல்வி. புது மேனேஜர் ஷேஃபர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, பாவம், அவர் கையிலும் அதே 26 பேர்தான். அணியைக் கட்டியவர்களும், அதற்குப் பணம் கொடுக்கும் முதலாளியும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார்கள்.

எனக்குப் பக்கத்து ஊர் பால்டிமோரில் இதைவிடக் கொடுமை நடந்திருக்கிறது. 1988-ல் ஓரியோல்ஸ் முதல் ஆறு ஆட்டம் தோற்றதும் மேனேஜர் கால் ரிப்கன் சீனியரை நீக்கினார்கள். அவருடைய இரண்டு மகன்களும், கால், பில்லி, அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பாவை அனுப்பிவிட்டுப் பிள்ளைகளைக் களத்தில் இறக்கினார்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்து பதினைந்து தோல்வி. மொத்தம் 21. அந்த வீட்டில் அந்த ஏப்ரல் மாதம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

ஆனால் நீ இதைப் படித்தவுடன் பிலடெல்ஃபியாவைக் காட்டுவாய் என்று தெரியும். காட்ட வேண்டியதுதான். 2022 ஜூன் 3, மேனேஜர் ஜிரார்டியை நீக்கியபோது அந்த ஊர் அணி ஃபில்லீஸ் 22 வெற்றி, 29 தோல்வி. ராப் தாம்சன் வந்தார். அந்த வருடத்தோடு ஓய்வு பெறலாம் என்று நினைத்திருந்த மனிதர். முதல் எட்டு ஆட்டமும் வெற்றி, மொத்தத்தில் அவர் கையில் 65 வெற்றி, 46 தோல்வி, கடைசியில் வேர்ல்ட் சீரிஸ் வரை. 2003-ல் ஃபுளோரிடா மார்லின்ஸும் அப்படித்தான். 16 வெற்றி, 22 தோல்வியில் மேனேஜர் டார்போர்கை அனுப்பிவிட்டு 72 வயது ஜாக் மெக்கியனைக் கூட்டி வந்தார்கள், அதே வருடம் யாங்கீஸை வீழ்த்திக் கோப்பை வாங்கினார்கள்.

இந்த இரண்டு இடத்திலும் ஆட்கள் இருந்தார்கள் பாலு. ஹார்ப்பர், ஷ்வார்பர், வீலர் எல்லாரும் அதே டக்அவுட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பானையில் அரிசி இருந்தது, அடுப்பைத்தான் சரியாக மூட்டவில்லை. அந்த மாதிரி இடத்தில் ஆளை மாற்றுவது நியாயம், மாற்றாமல் இருப்பதுதான் தப்பு. நான் கேட்பது ஒரே கேள்வி: இதே ஆட்களை வைத்துக்கொண்டு வேறொருவர் ஜெயிப்பாரா? ஃபில்லீஸில் ஜெயிப்பார். உங்கள் ஊரில் யார் வந்தாலும் முடியாது.

எங்கள் ஊரில்?

2019-க்குப் பிறகு நடந்ததைப் பார். பந்து போடும் ஸ்ட்ராஸ்பர்குக்கு ஏழு வருடத்துக்கு 24 கோடியே 50 லட்சம் டாலர். அவர் உடம்பு ஒத்துழைக்கவில்லை, அந்த ஒப்பந்தத்தில் ஆடியது எட்டே ஆட்டம். அதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2021 ஜூலையில் ஷெர்சரும் டர்னரும் போனார்கள், 2022 ஆகஸ்டில் சோட்டோ போனான். அந்த வருடம் 107 தோல்வி. அணியின் முதலாளிகளான லெர்னர் குடும்பம் அணியை விற்பது பற்றி யோசிக்கிறோம் என்றது, பிறகு விற்கவில்லை என்றது. இடையில் பெரிதாகச் செலவழிக்கவும் இல்லை. பிறகு இரண்டு வருடம் 71 வெற்றி, 71 வெற்றி. மார்ட்டினெஸ் வாய் திறந்து ஒரு புகார் சொல்லவில்லை. வந்த பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சோட்டோவுக்குப் பதிலாக வந்த ஏப்ரம்ஸ், கோர், ஜேம்ஸ் வுட் மூவரும் இன்று எங்கள் அணியின் முதுகெலும்பு. நல்ல பையன்கள். ஆனால் மூன்று பேரை வைத்து ஒரு சீசனின் 162 ஆட்டத்தை ஓட்ட முடியுமா? புல்பென் மறுபடியும் ஓட்டைப் பானை.

அதனால் என் அறிவு சொல்வது, நீக்கக் கூடாது.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது, உன்னிடம் மறைக்க முடியாது. போன வாரம் தொடர் தோல்வி ஏழாகியிருந்தபோது மார்ட்டினெஸ், கோச்சுகள் மேல் தப்பில்லை, களத்தில் ஆடுகிறவர்கள்தான் ஆட வேண்டும் என்கிற மாதிரி பத்திரிகையாளர்களிடம் பேசினார். அதைப் படித்தபோது நெஞ்சில் ஏதோ அடைத்தது. அவர் சொன்னதில் பொய் இல்லாமல் இருக்கலாம். அவர் பதினாறு வருடம் ஆடியவர், மட்டையைப் பிடித்து நிற்பது யார் என்று அவருக்குத் தெரியாதா? ஆனால் எதிரே இருப்பது இருபத்திரண்டு, இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகள். 2019-ல் எல்லாரும் அவரைத் திட்டியபோது முழுப் பழியையும் தன் தோளில் வாங்கிக்கொண்டு நின்றவர் அவர். அந்த மனிதர் வாயிலிருந்து இது வந்ததே என்பதுதான் வலி.

என் அலுவலகத்தில் நடந்த ஒன்றை உனக்கு எப்போதோ சொன்னேன். ஒரு பெரிய வேலை ஆறு மாதம் தாமதமானது. சாமான் தரவேண்டிய கம்பெனி தரவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் குழுத் தலைவரை ஒரு வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை மீட்டிங்கில் அவர் நாற்காலி காலி, யாரும் அதில் உட்காரவில்லை. வேலை அதற்குப் பிறகும் நான்கு மாதம் தாமதமானது. ஆனால் நாங்கள் அவருக்காக ஏன் அவ்வளவு வருத்தப்பட்டோம் தெரியுமா? அவர் ஒருநாள்கூட மேலிடத்தில் எங்களை விட்டுக்கொடுத்ததில்லை.

மார்ட்டினெஸ் அந்தப் பையன்களை உட்கார வைத்து, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொல்லட்டும். பெரிய மனிதர்தான், குறைந்துபோக மாட்டார். அப்புறம் அவர்கள் அவருக்காக ஓடுகிறார்களா என்று பார்க்கலாம். அடித்த பந்து தரையில் உருண்டு நேராக ஃபீல்டர் கையில் போனாலும் முதல் பேஸுக்கு முழு மூச்சில் ஓடுகிறார்களா, அதுதான் என் கணக்கு. ஓடவில்லை என்றால் அந்த அணி அவர் கையை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம், அன்று நானே அனுப்பச் சொல்வேன். ஓடினால் இந்த வருடத்தை முடிக்க விடட்டும். அதற்கு மேலும் மாற்றம் வேண்டும் என்றால், அவர் ஒருவரை மட்டும் பலி கொடுக்கக் கூடாது. ஆட்களைச் சேர்த்த ஜெனரல் மேனேஜர் ரிஸோவும் அதே மேஜையில் பதில் சொல்லட்டும், பணத்தைப் பூட்டி வைத்திருக்கும் குடும்பமும் சொல்லட்டும்.

வியாழக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். உங்களோடு கடைசி ஆட்டம், எங்களுக்குத் தொடர்ந்து பதினோரு தோல்வி ஆகியிருந்தது. நேவி யார்ட் ஸ்டேஷனிலிருந்து மெதுவாக நடத்திக் கூட்டிப்போனேன். அக்காவுக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். டக்அவுட்டைப் பார்த்து, "தாடி நரைத்த அந்த அண்ணனும் அதே உடுப்புப் போட்டிருக்காரே, இந்த வயசுல அவரும் ஆடுவாரா?" என்று கேட்டாள். இல்லை, அவர்தான் மேனேஜர், இந்த ஆட்டத்தில் மட்டும் அவரும் ஆட்டக்காரர் மாதிரியே உடுத்துவார் என்றேன். "அப்படின்னா தோத்தா அவருக்கும் அதே வலிதான்" என்றாள்.

பதினோராவது இன்னிங்ஸ் வரை போனது. ஜேம்ஸ் வுட், மேரிலாந்துப் பையன், ஆறடி ஏழு அங்குலம். பந்து அவன் மட்டையில் பட்ட சத்தத்திலேயே எல்லாரும் எழுந்துவிட்டோம். ஹோம் ரன், 4-3, ஆட்டம் எங்களுக்கு. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள், முழங்கால் வலியெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பையன்கள் அத்தனை பேரும் ஓடி வந்து ஹோம் பிளேட்டில் அவன் மேல் தண்ணீரைக் கொட்டினார்கள். நான் டக்அவுட்டைப் பார்த்தேன். அங்கே இருந்தவர்கள் முகம் அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

அடுத்த மாதம் நீ இந்தப் பக்கம் வேலையாக வருவதாக எழுதியிருந்தாயே, தேதி முடிவானதும் சொல். அக்கா ஆகஸ்ட் 10 வரை இருக்கிறாள், உனக்கு வத்தக்குழம்பு வைத்துத் தருவதாகச் சொல்லச் சொன்னாள். உன் அம்மாவுக்குக் கொடுக்கக் கறிவேப்பிலைக் கன்று ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். விமானத்தில் கொண்டுபோக விடுவார்களா என்று விசாரித்துவிட்டு வா.

அன்புடன்,
முரளி