துறைமுகத்தில் ஊருக்கும் பங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாகாண அரசுகள் துறைமுகங்களை இணைப்பது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். சீனாவின் செஜியாங் மாகாணத்தில் நிங்போவும் சௌஷானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் சரக்குக்காகப் போட்டி போட்ட துறைமுகங்கள். 2006-இல் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தார்கள். சொத்தும் நிர்வாகமும் ஒன்றானது 2015-இல், மாகாண அரசே இறங்கிய பிறகுதான்.

நம் தென்னாப்பிரிக்காவில் அந்த வேலை எப்போதோ முடிந்துவிட்டது. டர்பன், ரிச்சர்ட்ஸ் பே, கேப் டவுன் என எட்டு வணிகத் துறைமுகங்களும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் ஒரே துறைமுக ஆணையத்தின் கீழ்தான் இருக்கின்றன. சரி, அதனால் என்ன கிடைத்தது? 2023 கடைசியில் டர்பனுக்கு வெளியே கப்பல்கள் நாள்கணக்கில் நங்கூரமிட்டுக் காத்துக் கிடந்தன. ரிச்சர்ட்ஸ் பேயில் ரயிலில் போக வேண்டிய நிலக்கரி சாலைக்கு வந்து, என்2 நெடுஞ்சாலை லாரிகளால் அடைத்துக்கொண்டது. இத்தனைக்கும் சரக்கு ரயிலும் துறைமுகமும் ஒரே நிறுவனத்தின் கையில்தான்.

துறைமுகங்களைத் தங்களுக்குள் சேர்த்தவர்கள் ஊரை வெளியே நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம். 2005-ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டப்படி மாநகராட்சிக்கும் மாகாண அரசுக்கும் ஆலோசனைக் குழுவில் இடம் உண்டு. ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். லாரிகள் ஓடுவது என்னவோ எங்கள் தெருக்களில். டர்பனில் துறைமுகத்தை ஒட்டிய கிளேர்வுட்டுக்கு வந்து பாருங்கள். 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களின் பிள்ளைகள் காய்கறி பயிரிட்ட மண் அது. முருகன் கோவில் இருக்கும் அந்த ஊரில் இன்று குடியிருப்பு மனைகளில் லாரிகள் நிற்கின்றன.

என் மருமகன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். டர்பன் கண்டெய்னர் முனையத்துக்குப் போகும் பேஹெட் சாலை வரிசையில் இரவு போய் நின்று, விடிந்த பிறகு உள்ளே போன நாட்கள் உண்டு. மகள் எப்போதும் இரண்டு வேளைச் சாப்பாடு கட்டிக் கொடுத்தே அனுப்புகிறாள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்தச் சாலை சிதைந்தபோது, கண்டெய்னர் முனையம் அந்த ஒரே சாலையை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதை நாடே பார்த்தது.

பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப், ப்ரூஜ் துறைமுகங்கள் 2022 ஏப்ரலில் ஒன்றானபோது, பங்குகள் இரண்டு நகரங்களிடமே இருந்தன. ஆன்ட்வெர்ப்புக்குச் சுமார் 80 சதவீதம், மீதி ப்ரூஜுக்கு. சிறிய ஊருக்கும் கணக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது.

துறைமுக ஆணையத்தைத் தனி நிறுவனமாக்கப்போவதாக நம் அரசு 2021-இல் அறிவித்தது. அதன் நிர்வாகக் குழுவில் டர்பனை ஆளும் எத்தெக்வினி மாநகராட்சிக்கும் எங்கள் குவாசூலு-நடால் மாகாணத்துக்கும் வாக்குரிமையோடு இடம் வேண்டும் என்று உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். அப்புறம், கப்பல் நிற்கப் புதிய தளங்கள் கட்டும் முன் முனையத்துக்கு இரண்டாவது சாலை போடச் சொல்லியும் கேளுங்கள்.

இப்படிக்கு,
மெர்பேங்க் வாசகர், டர்பன்