பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்த அம்மாவுக்கு

டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ள என் தம்பி நேற்று ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கினான். எழுந்ததும் நான் செய்த முதல் வேலை அழுததுதான், இரண்டாவது வேலை இதை எழுத உட்கார்ந்தது. அவன் தூங்காமல் எங்களை அடித்ததில் இந்த இரண்டு மாதம் எங்கள் வீடு என்ன பாடுபட்டது என்று சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருவுக்கே தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

ஜி.எச்.சில் மனநலப் பிரிவுக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா, முதல் நன்றி உங்களுக்கு. பேர் போடாதே என்று சொன்னீர்கள், போடவில்லை. அன்றைக்குத் தம்பி பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான், நானும் சித்தப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தோம். "இழுக்காத கண்ணு, வுடு" என்று சொல்லிவிட்டு அந்த ஈரத் தரையிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். அவனிடம் எதுவும் கேட்கவில்லை, கொஞ்ச நேரம் சும்மா இருந்தீர்கள். அப்புறம் என்னைப் பார்த்து, எப்போ அடிக்கிறான் என்று கேட்டீர்கள். ராத்திரி கதவைச் சாத்தும்போது என்றேன். இவங்கப்பா எங்கே என்றீர்கள்.

அப்பா கொலுசுப் பட்டறையிலிருந்து வர எட்டு மணி ஆகும். அவர் வண்டி சத்தம் கேட்டால்தான் தம்பி வாசலை விட்டு எழுந்திருப்பான், 29 வயது வரைக்கும் அப்படித்தான். ஆடிப் பண்டிகைக்குக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு அவனைக் கூட்டிப்போனதும் அப்பாதான். அவர் இறந்துபோனபோது, இவனுக்கு என்ன புரியும், பயந்துபோவான் என்று காரியம் முடியும்வரை ஏற்காட்டில் பெரியம்மா வீட்டில் விட்டுவைத்தோம். திரும்பி வந்தவனிடம், அப்பா ஊருக்குப் போயிருக்கார் என்றோம்.

"ஊருக்குப் போனவரு வருவாருன்னுதான சாமி பாத்துட்டு இருப்பான், நீங்க கதவச் சாத்துனா அவரு வெளியில நிப்பாருல்ல?" என்றீர்கள். கூடப் பிறந்தவள் எனக்கு அது தோன்றவே இல்லை.

முன்பு காட்டிய இடத்தில், இவங்க இப்படித்தான் என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், பகலெல்லாம் சாய்ந்து கிடந்தான், ராத்திரி கதவடியில் அதே போராட்டம். நீங்கள் சொன்னதை அப்படியே உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு அவனிடம் பேசினார். டவுன் சிண்ட்ரோம் இருப்பவர்களுக்குத் தைராய்டு கோளாறு அதிகம் என்று ரத்தம் எடுக்கச் சொன்னார், காது, பல் எல்லாம் பார்த்தார், ஏனென்றால் வலியைச் சொல்லத் தெரியாதவர்களுக்கு அது அடியாகத்தான் வெளியே வருமாம். துக்கமும் அப்படித்தான். இவனைப் போல அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிடக் குறைவாக வருவதில்லை, ஆனால் சாப்பிடாமல் இருந்தாலும் தூங்காமல் இருந்தாலும் தெரிந்த வேலையை மறந்துபோனாலும் எல்லாவற்றையும் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். நாங்களும் அதைத்தான் செய்தோம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தக் குறைபாட்டை மனநோய் என்று சொல்வதில்லை, அது சரி. ஆனால் இவர்களுக்கு மனநோய் வந்தால் சிகிச்சை கேட்கும் உரிமை மற்ற எல்லோரையும் போல இவர்களுக்கும் உண்டு என்று அதே சட்டம்தான் சொல்கிறது.

அப்பா தூங்குகிறார், சாமிகிட்டப் போயிட்டார் என்றெல்லாம் சொல்லாதீர்கள், செத்துப்போயிட்டார், இனி வரமாட்டார் என்று நேராகச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். சொன்னோம். சுடுகாட்டுக்குக் கூட்டிப்போய் அப்பா போட்டோவைக் கையில் கொடுத்து, ஒரு முறை இல்லை, நாலு முறை சொன்னோம். நாலாவது முறை அழுதான். பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம், இன்னும் முழுக்கச் சரியாகவில்லை.

நடு ராத்திரியில் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) பொறுமையாகப் பேசிய அந்தக் குரலுக்கு, காசு வாங்காத பொன்னம்மாபேட்டை ஆட்டோ அண்ணனுக்கு, படம் வரைந்து அவனுக்குப் புரியவைத்த சிறப்புப் பள்ளி டீச்சருக்கு, சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு, பெரியம்மாவுக்கு, எல்லோருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துவிடுங்கள்.

'அவனுக்கு என்ன புரியும்' என்ற வார்த்தை இனி எங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வராது, வர விடமாட்டேன். எங்களைப் பெற்ற அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனாலும் முதலில் அவனிடம்தான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்க வருகிறோம், அம்மா. உங்களுக்குத் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு வர வேண்டும் என்று தம்பி நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். காலை டூட்டியா, மதியமா என்று தெரியவில்லை. காலையிலேயே வந்து காத்திருக்கிறோம்.