இக்வானா விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வாடிக்கையாளரின் மடல்

சென்னையில் இக்வானா விற்கும் செல்லப்பிராணிக் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு உங்களில் ஒருவரிடம், மரத்தில் வாழும் பெரிய பச்சைப் பல்லியான இக்வானாவின் ஒரு சாண் நீளக் குட்டி ஒன்றை வாங்கினேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. அதற்குப் பிறகு நான் ஏறி இறங்கிய நாலைந்து கடைகளிலும் தீனியைப் பற்றி ஏறக்குறைய அதே பேச்சைத்தான் கேட்டேன். ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. “வெள்ளரிக்காய், கேரட், கொஞ்சம் லெட்யூஸ் நறுக்கிப் போடுங்கள். வாரம் இரண்டு முறை அவித்த முட்டை கொடுங்கள், சீக்கிரம் வளரும்.” அன்று எனக்குக் கிடைத்த பாடம் இவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து பச்சையம்மா என்று பெயர் வைத்தோம்.

பச்சையம்மா வெள்ளரிக்காயை ஆசையாகத் தின்றாள். எட்டாம் மாதத்தில் பின்னந்தொடை இரண்டும் கொழுகொழுவென்று ஆயின. பிள்ளை தேறிவிட்டது என்று என் அம்மா திருஷ்டிகூடக் கழித்தார். அடுத்த வாரம் கிளையில் ஏறும்போது விரல்கள் வெடவெடவென்று துடித்தன. பாதியில் பிடி நழுவி விழுந்தாள். கால்நடை மருத்துவர் விரல் நுனியால் தாடையை மெல்ல அழுத்திக் காட்டினார். எலும்பு இருக்க வேண்டிய இடம் ரப்பர் போல அமுங்கியது. எக்ஸ்ரேயில் எலும்புகள் பென்சிலால் வரைந்து பாதி அழித்தது போலத் தெரிந்தன. தொடை பருத்தது சதையால் அல்ல. உணவில் கிடைக்காத கால்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்தே உருவிக்கொண்டிருக்கிறது. நலிந்த எலும்பைத் தாங்க அதைச் சுற்றி நார்த்திசு கட்டிக்கொண்டு வீங்கியிருக்கிறது. நாங்கள் திருஷ்டி கழித்தது நோய்க்கு.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் சொல்லும் உணவுப் பட்டியல் தவறு, சரியான பட்டியல் உங்கள் கடைக்கு நாலு தெரு தள்ளிக் கீரைக்காரம்மாவின் கூடையில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் அந்த முட்டையை எடுத்துக்கொள்வோம். எங்கள் தெருவில் பச்சையம்மாவைப் பார்க்கிறவர்கள் எல்லாம் “உடும்பா?” என்றுதான் கேட்கிறார்கள். உடும்பு ஊன் தின்னும். அதை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். இக்வானா மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மரக்கிளையில் படுத்து இலை தின்று வாழும் பிராணி. ஓணான் சாடை இருப்பதால் பூச்சி தின்னும் என்று நாம் முடிவு கட்டிக்கொள்கிறோம். குட்டியாக இருக்கும்போதாவது பூச்சி வேண்டாமா என்று ஒரு கடைக்காரர் என்னிடம் வாதாடினார். வேண்டாம். முட்டையிலிருந்து வெளிவந்த குட்டியும் இலைதான் தின்னும். இலையின் நாரைச் செரிக்க அதன் பெருங்குடலில் நுண்ணுயிர்கள் வேண்டும்; அவற்றைப் பெறக் குட்டிகள் பெரிய இக்வானாக்களின் எச்சத்தைத் தின்கின்றன என்று பனாமாவில் ஆராய்ந்த கேத்தரின் ட்ராயர் 1982இல் எழுதினார். கேட்க அருவருப்பாக இருக்கலாம், ஆனால் மாட்டுக்கு இரைப்பையில் நடக்கிற வேலைதான் இதற்குப் பெருங்குடலில் நடக்கிறது. இப்படிப்பட்ட வயிற்றுக்கு முட்டையும், புழுவும், சிலர் சொல்லிக்கொடுக்கும் நாய் பிஸ்கட்டும் போனால் வளர்த்தி வேகமாகத்தான் இருக்கும். சில ஆண்டுகளில் சிறுநீரகம் கெட்டு, மூட்டுகளில் யூரிக் அமிலம் படியும். அதற்குள் வாங்கியவர் உங்கள் கடையை மறந்திருப்பார்.

அடுத்தது வெள்ளரிக்காய். இக்வானாவின் தீனியில் கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் வெள்ளரிக்காயில் கால்சியம் 10 மில்லிகிராம், பாஸ்பரஸ் 25. கணக்கே தலைகீழ். வாழைப்பழமும் அப்படித்தான். அதே அட்டவணையில் முருங்கைக்கீரைக்குக் கால்சியம் 440, பாஸ்பரஸ் 70. அகத்திக்கீரைக்கு 1130, பாஸ்பரஸ் வெறும் 80.

அகத்திக்கீரை! அமாவாசையன்று கோயில் வாசலில் பசுவுக்குக் கொடுக்கக் கட்டுக்கட்டாக விற்கிறார்களே, அதுதான். வெளிநாட்டிலிருந்து டப்பாவில் வரும் தீனியை அலமாரியில் அடுக்கி நூற்றுக்கணக்கில் விலை சொல்கிறீர்கள். அந்தப் பணத்துக்கு ஒரு மாதத்துக்கு அகத்தி வாங்கலாம்.

இதைப் படித்துவிட்டு இனி அகத்தியை மட்டும் போடச் சொல்லிவிடாதீர்கள். எவ்வளவு நல்ல இலையானாலும் ஒன்றையே தின்றால் ஒன்று மிஞ்சும், ஒன்று குறையும். எங்கள் வீட்டில் இப்போது அகத்தி, முருங்கை, மல்பெரி இலை, செம்பருத்தி இலை என்று மாற்றி மாற்றி, தினமும் இரண்டு மூன்று கலந்து பொடியாக நறுக்குகிறோம். தட்டில் முக்கால் பங்குக்கு மேல் இலை. மீதிக்குப் பூசணி, பீன்ஸ், சுரைக்காய். பழம் என்றால் ஒரு துண்டு பப்பாளி, கிடைக்கும் காலத்தில் அத்திப்பழம். தட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. செம்பருத்திப் பூ பட்சணம் மாதிரி. சிவப்பைக் கண்டதும் கூண்டின் மூலையிலிருந்து ஓடி வரும் வேகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பொடியாக நறுக்குவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: பெரிதாகப் போட்டால் பிடித்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை மிதித்துக்கொண்டு போய்விடும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அவியலை அப்படித்தான் தின்கிறார்கள்.

எல்லாக் கீரையும் கீரை அல்ல. பாலக்கிலும் தண்டுக்கீரை வகைகளிலும் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். எப்போதாவது கொஞ்சம் போதும். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் தினசரித் தீனியாக ஆகாது, தைராய்டைப் பாதிக்கும். லெட்யூஸ் பச்சைத் தண்ணீர். வீட்டு வாசலில் நிற்கும் அரளியின் பக்கமே விடக் கூடாது; அது விஷம். கீரையில் பூச்சிமருந்து இருக்கும், நன்றாக அலசச் சொல்லுங்கள்.

ஒருவரும் எனக்குச் சொல்லாத இன்னொன்று வெயில். தட்டில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும் தோலில் புற ஊதாக் கதிர் படாமல் அதை உடம்பு ஏற்காது. இதற்கு வேண்டிய வகைக் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. நீங்கள் விற்ற கண்ணாடித் தொட்டியை நான் ஜன்னலோரம் வைத்துவிட்டு, வெயில் காட்டிவிட்டதாக எட்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். தொட்டியை அப்படியே வெயிலில் வைத்தாலோ பிராணி உள்ளேயே வெந்துவிடும். இப்போது காலையில் மொட்டை மாடியில் கம்பிவலைக் கூண்டு, அதில் பாதிக்கு நிழல். சென்னைக்காரனுக்கு வெயில் ஒரு வரமாகத் தெரிந்தது அப்போதுதான். வெயிலில் உடம்பு சூடானால்தான் தின்ற இலையும் செரிக்கும்.

பச்சையம்மா பிழைத்துக்கொண்டாள். மருத்துவர் கொடுத்த கால்சியம் மருந்து, வெயில், இலை மூன்றுமாகச் சேர்ந்து ஒரு வருடம் பிடித்தது. தாடை சற்றுக் கோணலாகவே நிற்கிறது, முதுகெலும்பில் ஒரு வளைவு தங்கிவிட்டது. இரண்டரை வயதில் தாடைக்குக் கீழே தொங்குசதை பெரிதாகி, தொடையின் அடியில் துளைகள் புடைத்து, அவள் அவன் என்று தெரியவந்தது. இப்போது பெயர் பச்சையப்பன்.

இப்படிப்பட்ட வெளிநாட்டுப் பிராணிகளுக்கு 2024இல் வந்த விதிகளுக்குப் பிறகு மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு, உரிமைச் சான்று என்று கடைகளில் தாள்களைப் பற்றி நிறையப் பேசுகிறீர்கள். நல்லது. அந்தத் தாள்களோடு இன்னும் ஒரு தாளைச் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஒரு பக்கத்தில் என்ன கொடுக்கலாம், என்ன கூடாது. மறுபக்கத்தில் வெயிலைப் பற்றி நாலு வரி, இது ஐந்தடிக்கு மேல் வளரும், பதினைந்து இருபது ஆண்டு வாழும் என்று இரண்டு வரி. இதைப் படித்துவிட்டு ஒருவர் வாங்காமல் திரும்பிப் போனால் போகட்டும். உங்களுக்கு ஒரு விற்பனை குறையும், அவ்வளவுதான்.

கூடவே உங்கள் தொட்டியில் கிடக்கும் வெள்ளரித் துண்டுகளையும் எடுத்துவிடுங்கள். குட்டிக்கு நாக்கு பழகுவது அங்கேதான். பச்சையப்பனை இலைக்குத் திருப்ப எனக்கு ஆறு வாரம் ஆயிற்று.

வருகிற அமாவாசைக்கு நான் வாங்கிய கடைக்கு ஒரு கட்டு அகத்திக்கீரையோடு வருகிறேன். பாதி பசுவுக்கு, பாதி உங்கள் தொட்டிக்கு.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து உங்கள் பழைய வாடிக்கையாளன்