தெற்கிலிருந்து வடக்காக நட

அன்புள்ள சந்துரு,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சொன்னால் நீ நம்பப் போவதில்லை, விட்டுவிடுவோம். இங்கே எல்லோரும் சௌக்கியம். பாலு மாமா இன்னும் அதே கேஸை நடத்திக்கொண்டிருக்கிறார், வாய்தா மட்டும் மாறுகிறது. மீனாட்சிக்கு என் விசாரிப்பு.

ஜனவரியில் மகளோடு வருகிறாய், அவளுக்கு மெட்ராஸ் பல்கலைக்கழகத்தைச் சுற்றிக்காட்ட வேண்டும், கைடு யாராவது கிடைப்பாரா என்று கேட்டிருந்தாய். கைடெல்லாம் வேண்டாம். பல்கலைக்கழகத்தின் பழைய மண்டபமான செனட் ஹவுஸ் வாசலில் நிறுத்தி, 'இந்தோ சராசெனிக்' (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகளின் கலவை) என்று ஒரு வார்த்தை சொல்லி, கட்டிய வருஷத்தையும் சொல்லி, போட்டோ எடுக்கவைத்து அனுப்பிவிடுவார். கட்டடக்கலை படிக்கிற பெண்ணுக்கு அது போதாது. இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே நடங்கள். மொத்தம் ஒன்றரை கிலோமீட்டர் போலத்தான் வரும், உன் மூட்டுக்கும் தாங்கும்.

முதலில் வழக்கமான குழப்பம். ஆட்டோவில் ஏறி 'யுனிவர்சிட்டி' என்று மட்டும் சொன்னால் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். 'மெட்ராஸ் யுனிவர்சிட்டி' என்று திருத்திச் சொன்னாலும் முழுத் தீர்வு இல்லை. அதற்கே சேப்பாக்கம், மெரினா, கிண்டி, தரமணி, மதுரவாயல், சேத்துப்பட்டு என்று ஆறு வளாகங்கள். போனில் வரைபடத்தில் தேடினாலும் இதே கதைதான். 'உழைப்பாளர் சிலை' என்று சொல், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் நீ அங்கே இறங்காதே. தெற்கே, மாநிலக் கல்லூரியில் ஆரம்பி. பறக்கும் ரயிலில் வந்தால் திருவல்லிக்கேணியில் இறங்கி பாரதி சாலையில் கடலை நோக்கி நட, கல்லூரியிலேயே கொண்டுபோய் விடும்.

பல்கலைக்கழகத்தைப் பார்க்க வந்தவனை ஏன் கல்லூரிக்குத் துரத்துகிறாய் என்று கேட்பாய். இந்த வரிசை ஒன்றைத்தான் நான் கெஞ்சிக் கேட்கிறேன், மாற்றிவிடாதே. 1860-களில் மதராஸ் அரசாங்கம் மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுஸுக்கும் வடிவமைப்புப் போட்டி வைத்தது. இரண்டிலும் ஜெயித்தவர் ஒரே ஆள், ராபர்ட் ஃபெல்லோஸ் சிஷோம். கல்லூரி 1870-ல் முடிந்தது. செனட் ஹவுஸ் வேலை 1874-ல் தொடங்கி 1879-ல் முடிந்தது. இரண்டுக்கும் நடுவில், அதே கடற்கரைச் சாலையில், நவாபின் சேப்பாக்கம் அரண்மனை முன்பே நின்றுகொண்டிருந்தது. அதன் வளாகத்திலேயே, அதன் பாணியிலேயே வருவாய் வாரியத்துக்கு ஒரு கட்டடம் போடும் வேலையும் இடையில் சிஷோமுக்கு வந்தது. ஆக கல்லூரி, அரண்மனை, செனட் ஹவுஸ் என்று வரிசையாக வடக்கே நடந்தால், ஒரு கட்டடக்காரரின் கை மாறுவதைச் சாலையிலேயே பார்க்கலாம். நேரே செனட் ஹவுஸில் போய் இறங்கினால் விடை மட்டும் தெரியும், கணக்கு தெரியாது.

மாநிலக் கல்லூரியில் வளைவுகளைப் பார்க்கச் சொல். சிவப்புச் செங்கல், இத்தாலியச் சாயல், கீழை நாட்டு அலங்காரம் மேலே தொட்டுக்கொண்டது மாதிரி கொஞ்சம்தான். ஆள் இன்னும் ஊருக்குப் பழகவில்லை என்று தெரியும். வளாகத்தில் உ.வே.சா. கடலைப் பார்த்து நிற்கிறார், 1903-லிருந்து அங்கே தமிழாசிரியர். இயற்பியல் மேதைகள் சி.வி. ராமன், எஸ். சந்திரசேகர் இருவரும் படித்த இடமும் அதுதான். இவையெல்லாம் உன் மகளுக்கு உன்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், நீ உபந்நியாசம் செய்யாதே. கால் மணி நேரம் போதும்.

அடுத்தது அரண்மனை. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். கடற்கரைச் சாலையிலிருந்து அது சரியாகத் தெரியாது. எழிலகமும் பொதுப்பணித் துறைக் கட்டடங்களும் முன்னால் நின்று மறைக்கின்றன. அரசு அலுவலகம் என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார்கள். 1768-ல் நவாப் முகம்மது அலி வாலாஜா கட்டியது. அன்றைக்கு 117 ஏக்கர் தோட்டம். கலச மகால், ஹுமாயூன் மகால் என்று இரண்டு பகுதி. 1855-ல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கும்பினி கையில் போய்விட்டது. வளாகத்துக்குள் நுழைந்து, அலுவலகக் கட்டடங்களைத் தாண்டி நின்றால்தான் குமிழ் மாடமும் பல மடிப்பு வளைவுகளும் கண்ணில் படும். கலச மகாலில் இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. வெளியே நின்று பார், காவலர் கேட்டால் அடையாள அட்டையைக் காட்டு, கேமராவை முதலில் நீட்டாதே.

அந்தக் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. தீயணைக்கப் போனவர்களில் ஒருவர் திரும்பவில்லை. உன் மகளுக்கு இதைச் சொல், வேடிக்கையாகச் சொல்லாதே. இந்த வயதுக் கட்டடங்களில் மேல்தளம் 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டுக் கெட்டிப்படுத்துவார்கள். நூறு வருஷம் அசையாது. ஆனால் கீழே உத்தரம் எரிந்துவிட்டால் மேலே இருக்கிற செங்கல்லும் காரையும் மொத்தமாக உள்ளே இறங்கும். படிக்கிற பெண் இதைப் புத்தகத்தில் ஒரு வரியாகத் தாண்டிப் போகக் கூடாது. பிறகு மகாலைச் சுண்ணாம்புக் காரையிலேயே சீரமைத்துவிட்டார்கள்.

அங்கிருந்து வாலாஜா சாலையைக் கடந்தால் பல்கலைக்கழகம். எதிரே உழைப்பாளர் சிலை, தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-ல் வைத்தார்கள். நாலு பேர் பாறையை நெம்புகிறார்கள். அதை ஒரு சுற்றுச் சுற்றி வா. பின்பக்கமும் முதுகுத் தசையும் யாரும் பார்ப்பதில்லை, சிற்பியின் வேலை அங்கேதான் இருக்கிறது.

இனி செனட் ஹவுஸ். சந்துரு, இங்கே நேரம் செலவழி. கடலைப் பார்த்த பக்கத்துக்குக் காலை வெயில் நேராக விழும். ஏழு, ஏழரைக்கு அந்தச் சிவப்புச் செங்கல்லைப் பார்த்தால் அது வேறு கட்டடம். மத்தியானத்துக்கு மேல் போனால் முகப்பு நிழலில் கிடக்கும், போட்டோவும் மங்கும். உன் வழக்கப்படி பதினொன்றரைக்குக் குடையில்லாமல் போய் நின்றால் வெயில் தலையில்தான் விழும். மூலைக்கு ஒன்றாக நாலு கோபுரம். பைசாண்டிய (கிழக்கு ரோமானிய) வளைவும் இஸ்லாமியக் குமிழும் கலந்த அந்தக் கலவைக்கு முன்மாதிரி எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் தெற்கே பார்த்துவிட்டு வந்திருப்பாள். கேள்வியை அவளையே கேட்கவிடு.

போட்டோ எடுக்கும்போது கோபுரங்கள் உள்பக்கம் சாய்வது போல விழும். கட்டடத்தில் குற்றமில்லை. பக்கத்தில் நின்று போனை மேலே நிமிர்த்துவதால் வருகிற கோளாறு. சாலையைக் கடந்து கடற்கரைப் பக்க நடைபாதைக்குப் போய், போனைச் செங்குத்தாகப் பிடித்து, கொஞ்சம் ஜூம் வைத்து எடுக்கட்டும். கடப்பதைச் சிலைக்கு எதிரே உள்ள சிக்னலில் கட. நடுவில் எங்கும் ஓடாதே, அந்த நேரத்தில் அந்தச் சாலையில் வண்டிகள் பறக்கும். ஏ.சி. காரில் வந்தால் கேமராவைப் பையை விட்டு உடனே எடுக்காதே. ஈரக் கடற்காற்று குளிர்ந்த லென்ஸில் பட்டால் பனி பூத்துவிடும். பையை மூடியே கொஞ்ச நேரம் வெளிக்காற்றில் வை. துணியால் துடைத்தால் உப்புப் பிசுபிசுப்பைத்தான் இழுவிவிடுவாய்.

பெரிய கூடம் 130 அடி நீளம், 54 அடி உயரம். நிகழ்ச்சி இருந்தால் கதவு திறந்திருக்கும், இல்லாவிட்டால் பூட்டு. பட்டமளிப்பெல்லாம் இப்போது நூற்றாண்டு மண்டபத்தில்தான். பூட்டியிருந்தால் நீளத்தை வெளியே காலால் அளந்து காட்டு. ஒரு தப்படிக்கு இரண்டரை அடி என்றால் ஐம்பத்திரண்டு தப்படி. வண்ணக் கண்ணாடிகள் பகலில் வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும், அதைப் பார்த்து அழுக்கு என்று கையை உதறிவிட்டு வராதே. உள்ளே போக முடிந்தால் வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து வரும்போதுதான் நிறம் எழும். 1937-ல் ராஜாஜி மந்திரிசபையின்போது சட்டமன்றம் கூடியது இந்தக் கூடத்தில்தான். பாலு மாமாவிடம் இதைச் சொல்லிவிடாதே, அவர் ஒரு மனுப் போட்டாலும் போடுவார்.

உள்ளே போக முடியாவிட்டாலும் நஷ்டமில்லை. சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு கை அகலத்தை மட்டும் பத்து நிமிஷம் பார்க்கச் சொல். நான் இவ்வளவு எழுதுவதே இதற்காகத்தான். கடற்காற்றில் வரும் உப்பும் தரையிலிருந்து ஏறும் ஈரமும் சேர்வது அந்த உயரத்தில்தான். உப்பு நீரோடு செங்கல்லுக்குள் போகும், நீர் ஆவியாகும்போது உள்ளே படிகமாகி விரியும், செங்கல்லின் தோல் பொடிப்பொடியாக உதிரும். இணைப்பில் சுண்ணாம்புக் காரை இருந்தால் ஈரம் அதன் வழியாக வெளியேறும், தேய்வதும் காரைதான், அதை மறுபடி பூசிக்கொள்ளலாம். யாராவது அவசரத்துக்கு சிமென்ட் அடைத்திருந்தால் ஈரத்துக்கு வழி அடைபடும், அது செங்கல் வழியாக வெளியேறும். கொஞ்ச வருஷத்தில் சிமென்ட் கோடுகள் விறைப்பாக நிற்கும், நடுவில் செங்கல் குழிந்துபோயிருக்கும். இந்தச் சாலையில் எந்தப் பழைய மதிலிலும் இதைத் தேடிப் பார்க்கலாம். அடையாளம் சுலபம்: சுண்ணாம்பு வெளுப்பு, லேசான மஞ்சள் கலந்து, நகத்துக்கு இடம் கொடுக்கும். சிமென்ட் சாம்பல் நிறம், நகம்தான் உடையும். கண்ணால் பார்த்தால் போதும், சுரண்டிவிடப் போகிறாள்! பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டையொட்டி செனட் ஹவுஸைச் சீரமைத்தார்கள். பழைய முறைக் காரையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பார்கள் என்பதை அவளுடைய வாத்தியார்கள் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் அந்தக் கல்லூரியில் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேள்.

இப்போது ஒரு சங்கடம். வெயிலுக்கு ஏழு மணி சரி, நூலகத்துக்குச் சரியில்லை. அலுவலகம் தொடங்கிய பிறகுதான் வளாகத்துக்குள் காரியம் நடக்கும். ஆகவே சாலைப் பக்கத்தை எட்டரைக்குள் முடித்துவிட்டு திருவல்லிக்கேணிக்குள் போய் இட்லி சாப்பிடு, கால் ஆறட்டும், கழிவறை வேலையையும் அங்கேயே முடித்துக்கொள். பத்துக்கு மேல் திரும்பி வந்து வாசலில் 'நூலகத்தை வெளியிலிருந்து பார்க்க வேண்டும்' என்று ஒரே காரணம் சொல். நாலு காரணம் சொன்னால் நாலு கேள்வி வரும்.

மணிக்கூண்டு உள்ள அந்த நூலகக் கட்டடம் 1936-ல் வந்தது. எஸ்.ஆர். ரங்கநாதன் தெற்கே நீ பார்த்த மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர், 1924-ல் பல்கலைக்கழக நூலகரானார். வேலை பிடிக்காமல் திரும்ப வகுப்பறைக்கே போக நினைத்தவரை முதலில் லண்டன் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். அவருடைய 'நூலகவியலின் ஐந்து விதிகள்' 1931-ல் வந்தது, புத்தகங்களை வகைபிரிக்கும் 'கோலன் பகுப்பு' 1933-ல். ராமானுஜனுக்கு 1913-ல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்ததும் இதே பல்கலைக்கழகம்தான். இவ்வளவு போதும், இதற்கு மேல் வடக்கே நேப்பியர் பாலம், கூவம். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் நீங்களே நடையை முடித்துக்கொள்வீர்கள்.

தேதி விஷயம் ரொம்ப முக்கியம். குடியரசு தின அணிவகுப்பு இந்தச் சாலையில்தான் நடக்கும். அதற்கு முந்தைய நாட்களில் காலை ஒத்திகைக்காகப் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள், சரியாக உன் ஏழு மணிக்கே. பொங்கல் விடுமுறையில் வளாகம் பூட்டியிருக்கும், கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. சேப்பாக்கம் ஸ்டேடியத்தில் மேட்ச் என்றால் வாலாஜா சாலைப் பக்கமே தலைவைக்காதே. இவை மூன்றையும் ஒதுக்கினால் ஜனவரியில் ஒரு சாதாரண வேலைநாள் கிடைக்காமலா போகும்? டிக்கெட் எடுக்குமுன் காலண்டரைப் பார். வெங்கட்டைப் பார்க்கச் சொல்லாதே, அவன் பார்த்த நாள்களால் நாம் ஏற்கெனவே பட்டிருக்கிறோம்.

தொப்பி, தண்ணீர், ரப்பர் அடிச் செருப்பு. மகளிடம் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கட்டும், அந்த முழங்கால் உயரச் சுவரை அவள் வரைந்தால் படத்தை எனக்கு அனுப்பு. கூரியர் வேண்டாம், இங்கே வீட்டு நம்பர் மாற்றிவிட்டார்கள், தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

உன்,
கோபாலன்