அவன் சேட்டை செய்யவில்லை, கண்ணே

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ ஃபோனை வைத்த பிறகு எனக்கு உறக்கமே பிடிக்கவில்லை. "பிள்ளையை அடித்துவிட்டேன் அம்மா" என்று நீ விம்மியது காதிலேயே நிற்கிறது. பகலில் கூப்பிட்டால் அலுவலக வேலைக்கு நடுவே பாதிதான் கேட்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

காப்பகத்தில் இன்னொரு குழந்தையைக் கடித்துவிட்டான் என்றாயே, எத்தனை மணிக்கு என்று கேட்டாயா? 26 வருடம் அங்கன்வாடியில் பிள்ளைகளோடு கிடந்தவள் நான். கடிப்பதும் கிள்ளுவதும் பெரும்பாலும் மதியச் சோற்றுக்குச் சற்று முன்னால்தான் நடக்கும். முந்தின இரவு ஊரில் கோயில் திருவிழா என்றால் காலையிலேயே ஆரம்பித்துவிடும். தூக்கம் போதாவிட்டால் நாம் சோர்ந்து உட்காருவோம். இரண்டு வயதுப் பிள்ளை உட்காராது. இன்னும் வேகமாக ஓடும், காரணமில்லாமல் சிரிக்கும், சட்டென்று வீறிடும். பார்ப்பவர்கள் அதைச் சேட்டை என்பார்கள்.

நீயே கணக்குப் போட்டுப் பார். இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உன் பிள்ளை இரவு பத்தரைக்குப் படுக்கிறான், ஆறரைக்கு எழுப்பிவிடுகிறாய். காப்பகத்தில் ஒரு முக்கால் மணி நேரம். மொத்தம் ஒன்பதுகூடத் தேறவில்லை. இதில், "மதியம் தூங்க வைக்காதீர்கள், இரவு சீக்கிரம் படுத்துவிடுவான்" என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறாய். வேண்டாம் கண்ணே. அளவுக்கு மீறிக் களைத்த பிள்ளைக்கு எளிதில் தூக்கம் வராது. வந்தாலும் நடுவில் அலறி எழும். மூன்று மணிக்குள் எழுப்பிவிடச் சொல், அது போதும்.

மற்ற நாளெல்லாம் அங்கே சமர்த்தாக இருப்பவன் உன்னைக் கண்டதும் தரையில் புரள்கிறான், அம்மாவைப் பிடிக்கவில்லையோ என்று கேட்டாய். அப்படி நினைக்கவே நினைக்காதே. புது இடம், புது முகங்கள், கேட்டதற்கெல்லாம் வரிசை. பகல் முழுக்க அடக்கிக்கொண்டிருந்த அழுகையை அவன் வேறு யாரிடம் கொண்டுவந்து கொட்டுவான்? வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படிக்குப் போகாதே. கால் மணி நேரம் மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார். குழம்பு காத்திருக்கும்.

மாப்பிள்ளை ஒன்பதரைக்கு வந்து பிள்ளையைத் தூக்கிப் போட்டு விளையாடுவதால்தான் படுக்கை தள்ளிப்போகிறது. அவருடைய ஆசை எனக்குப் புரிகிறது. காலையில் குளிப்பாட்டிச் சோறூட்டும் நேரத்தை அவருக்குக் கொடு. இதை நீயே பக்குவமாகச் சொல். நான் சொன்னால் நன்றாக இருக்காது. ஒரேயடியாக எட்டு மணிக்குப் படுக்க வைக்கவும் முயலாதே. மூன்று நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் முன்னால் இழு.

பொங்கலுக்கு வந்திருந்தபோது என் நீலச் சுங்குடிப் புடவையின் ஓரத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே படுத்திருப்பான். அந்த விரல் எப்போது நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நின்றால் உறங்கிவிட்டான் என்று அர்த்தம். அந்தப் புடவையில் கைக்குட்டை அளவு கிழித்து, ஓரம் தைத்து, இதனுடன் வைத்திருக்கிறேன். மதியம் பாயில் படுக்கும்போது அவன் கையில் கொடுக்கச் சொல். முதல் வாரம் அதைத் துவைத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா