டிரங்குப் பெட்டியில் கிடந்த கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அப்பா பீரங்கிப் படையில் 24 ஆண்டுகள் இருந்து, 2006-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். சேரும்போது ஒரு நோயும் இல்லை என்று ராணுவ மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். வெளியே வரும்போது ரத்த அழுத்தம். 30 சதவீத ஊனம் என்று ராணுவ மருத்துவர்கள் குழுவான மெடிக்கல் போர்டு ஒப்புக்கொண்டது. ஆனால் 'பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல' என்று எழுதி முடித்துவிட்டது. அந்த ஒரு வரியைக் காட்டி, ஊன ஓய்வூதியம் கிடையாது என்று ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. அப்பா அதை மடித்து, டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு அடியில் வைத்தார். "பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க, நாம என்ன பேசறது" என்றார். 11 ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது.

ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அதே கடிதத்தின் அடியில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அந்த வரி வரை படிக்கவில்லை.

2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், பிறகு வந்தது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசுதான், படைவீரர் அல்ல. சந்தேகத்தின் பலனும் அவருக்கே. மெடிக்கல் போர்டு மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். அடுத்த ஆண்டே ராம் அவதார் வழக்கில், 50-க்குக் குறைவான ஊன சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் சலுகை, பணிக்காலத்தை முழுதாக முடித்தவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பு வந்தது. இதையெல்லாம் ஒரு பக்கத்து வீட்டு சுபேதார் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

அப்புறம் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போனோம். அப்பாவுக்கு ஊன ஓய்வூதியம் கிடைத்தது. ஆனால் தாமதமாகப் போனதால், வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவை மட்டும்தான் கிடைத்தது. 2008-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு அது. எட்டு ஆண்டுப் பணம் அந்தப் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது. அந்த எட்டு ஆண்டும் அவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டதை நினைத்தால் இன்றும் தாங்க முடியவில்லை.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிதில்லை. மறுப்புக் கடிதத்தை வீரருக்குப் புரியும் மொழியில் அனுப்புங்கள். மெடிக்கல் போர்டு அறிக்கையின் நகலைக் கூடவே வையுங்கள். மேல்முறையீடு பற்றிய வரியைக் கடைசியில் அல்ல, முதலில் எழுதுங்கள்.

இதைப் படிப்பவர்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடிதம் இருக்கலாம். தயவுசெய்து இன்றே எடுத்துப் பாருங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எடுத்துப் போய்க் காட்டுங்கள். 2023 செப்டம்பரில் ஊன ஓய்வூதியத்துக்குப் புதிய விதிகள் வந்திருக்கின்றன. அதன் பிறகு ஓய்வு பெற்றவர்கள் அவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காலம் கடந்துவிட்டது என்று யாராவது சொன்னாலும் திரும்பி வந்துவிடாதீர்கள். எங்களுக்கும் அப்படித்தான் முதலில் சொன்னார்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஹவில்தாரின் மகள்